கொடிவழிப் படம்

ஆண் என்றால் சதுரம்.
பெண் என்றால் வட்டம்.
மணமானால் நடுவே ஒரு கிடைக்கோடு,
பிள்ளை பிறந்தால் அதிலிருந்து கீழே ஒரு தொங்கல்.
எட்மன்டனில், வாரியத்தின் மூன்றாம் மாடியில்,
முப்பத்து நான்கு தொடங்கிப் பதினோரு வருடம்
இதுதான் என் உத்தியோகம்.
நான் மருத்துவன் இல்லை. கை நடுங்காதவன்.

வெள்ளையாக விட்டால் குறையில்லாதவர்.
முழுக் கறுப்பு: மந்தபுத்தி, சித்தப்பிரமை, வலிப்பு.
பாதிக் கறுப்பில்தான் எப்போதும் தகராறு.
குடிப்பவர், வேலையில் நிலைக்காதவர்,
பிள்ளை பெற்றபின் சுவரைப் பார்த்து அழுதவள்.
டாக்டர் மக்கெல்வி பென்சிலால் புள்ளி வைப்பார்.
நான் மையால் நிரப்புவேன்.
விளிம்பு தாண்டாமல் ஒரு வட்டத்தை நிரப்ப
நாற்பது விநாடி.
வாரியம் ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும்.
என்னைவிட நிதானமானவர்கள் என்றுதான்
அப்போது தோன்றியது.

பாரஸ்கா ஹவ்ரிலியுக்.
ஸ்மோக்கி லேக்குக்கு வடக்கே கோதுமைக்காரர்கள், உக்ரைனியர்.
வயது பதினாறு.
தாய் செத்து மூன்று வாரம் வாய் திறக்கவில்லை என்று
கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.
தேர்வை ஆங்கிலத்தில் வைத்தார்கள்.
கப்பல் மூழ்கினால் முதலில் என்ன செய்வாய்?
கடலைப் பார்த்திராதவள்
'நே ஸ்னாயு' என்றாள். தெரியாது.
அடுத்ததற்கும் நே ஸ்னாயு.
எது தெரியாது, விடையா, கேள்வியா, அந்த மொழியா,
யாரும் கேட்டு எழுதவில்லை.
விடைத்தாளில் பூஜ்யங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன,
நிரப்பக் காத்திருக்கும் என் வட்டங்களைப் போல.

அவளுக்கு முழுக் கறுப்பு.
தாய்க்குப் பாதி.
தாய்மாமன் ஒருவன், பழைய நாட்டில்,
ஆற்றில் இறங்கியவன் ஏறவில்லையாம்.
மூன்று வாய் மாறி வந்த கதை. முழுக் கறுப்பு.
மார்ச்சில், குடல்வால் என்று சொல்லி
அவளைக் கூட்டிப்போனார்கள்.

படச்சுருளோடு மாதம் ஒருமுறை
மருத்துவமனைக்கு ரயிலில் போவேன்.
மே மாதம், பேனா கக்கி
சட்டைக் கை முழுக்க நீலம்.
சலவைக்கூடத்தில் ஒரு பெண், கேட்காமலே
சட்டையைக் கழற்றச் சைகை காட்டி,
கையை மட்டும் ஒரு கிண்ணம் பாலில் அமுக்கினாள்.
சோப்பு எடுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு விரல் நீட்டினாள்.
இரண்டு மணி நேரத்தில்
பால் நீலமாயிற்று. துணி வெளுத்தது.
பெயர் கேட்டேன். சொன்னாள்.
என் பெயரை நான் சொல்லவில்லை.

அன்றிரவு என் வீட்டுப் படத்தை
மேசையில் போட்டுப் பார்த்தேன்.
மூன்றாம் பிரசவத்துக்குப் பின்
பனியில் வெறுங்காலோடு நடந்த அக்கா ஹெஸ்டர்.
விமி போர்முனையிலிருந்து திரும்பி,
கதவு தட்டினால் மேசைக்கடியில் புகும் சித்தப்பா.
பதினொரு வயதுவரை திக்கிய நான்.
மைப்புட்டியைத் திறந்தேன்.
மூடினேன்.
ரப்பரால் அழித்தேன். பென்சில்தானே.

காலையில் வேலைக்குப் போனேன்.
அதற்குப் பிறகும் ஏழு வருடம் போனேன்.

கொடிவழி என்று அதற்குப் பெயர்.
கொடி என்றால் எங்காவது பற்றும், படரும்.
பாரஸ்காவின் வட்டத்துக்குக் கீழே
நான் கோடு இழுக்கவில்லை.
தேவைப்படாது என்று கோப்பு சொல்லிற்று.
இடம் மிச்சம் என்று நினைத்தேன்.
ஆமாம், நினைத்தேன்.

விலகி வந்த அன்று அந்த ஒரு தாளை மட்டும்
கோட்டுக்குள் மடித்துக் கொண்டுவந்தேன்.
எழுபத்திரண்டில் வாரியத்தைக் கலைத்தார்கள்,
செய்தித்தாளில் நான்கு வரி.
அந்தச் சாயங்காலம் ஒரு கிண்ணம் பால் ஊற்றினேன்.

படம் வரையும் மை அரக்குக் கலந்த மை.
இரண்டு மணி நேரம். பிறகு இன்னும் இரண்டு.
பால் வெள்ளையாகவே இருந்தது.
தாள்தான் ஊறிப் பிய்ந்தது,
வட்டத்தைச் சுற்றி.